கம்பியூட்டருக்குக் கட்டளை போடப் பழகுவோம்



இம்முறை பாடம் கம்பியூட்டரைப் பற்றியது. "நம்ம லயத்துக்கும் கம்பியூட்டருக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று சிலர் கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. பாடத்தைக் கடைசிவரை படித்தால் அது தெரியும். மேலும், இந்தப் பாடத்தைச் செய்து பார்க்க கம்பியூட்டர் தேவையில்லை. சோக்கட்டித் துண்டு ஒன்றும் பழைய அட்டைப் பெட்டி ஒன்றும் இருந்தால் போதும்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர்கள் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளைத் தேடிப்போய்க் கம்பியூட்டருக்குக் கட்டளை எழுதச் சொல்லிக்கொடுப்பது இன்று பல நாடுகளில் நடக்கிறது. இந்தக் கட்டளை எழுதும் வேலையைத்தான் "கோடிங்" என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் "நிரலாக்கம்" என்று இருக்கும். அது என்ன, நம் பிள்ளைக்கு அதனால் என்ன பயன், சொல்லிக்கொடுக்க யாராவது வந்தால் நாம் என்ன கேட்க வேண்டும் என்பதே இன்றைய பாடம்.

முரசுமோட்டையில் இருந்து தொடங்குவோம்

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் இருக்கிறது முரசுமோட்டை. கிளிநொச்சி மாவட்டம், கண்டாவளைப் பிரதேசம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளையும் ஊர். 2009ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் போர் அந்த வீதி வழியாகவே கிழக்கே நகர்ந்தது. ஊரே இடம்பெயர்ந்து, பிறகு திரும்பி வந்து, வயலைத் திருத்தி, பாடசாலையைத் திறந்தது.

அது நமக்குத் தூரத்து ஊர் அல்ல. 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டுப் போன நம் உறவுகள் பலர் கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களில்தான் குடியேறினார்கள். "எங்க சின்னம்மா வீடு கிளிநொச்சிப் பக்கம்" என்று சொல்லும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் இன்றும் உண்டு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 முதல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. கம்பியூட்டர் பொறியியலும் அங்கே படிப்பிக்கிறார்கள். வவுனியாவில் இருந்த வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. ஆக, வன்னிப் பிள்ளைக்கு இன்று பல்கலைக்கழகம் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் வயல்கரையில் விளையாடும் தரம் 4 பிள்ளைக்கும் பீடத்துக்குள் படிக்கும் அண்ணன் அக்காவுக்கும் இடையிலுள்ள தூரம் கிலோமீட்டரில் அளக்கும் தூரம் அல்ல. நம் பிள்ளைக்கும் பேராதனைக்கும், பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் இருப்பது அதே தூரந்தான். அதைக் குறைக்கும் வழிகளில் ஒன்றுதான் மாணவர்கள் கீழே இறங்கி வந்து பாடம் சொல்வது.

கட்டளை என்றால் என்ன?

கம்பியூட்டருக்குச் சொந்தப் புத்தி இல்லை. சொன்னதை, சொன்ன வரிசையில், சொன்னபடியே செய்யும். ஒன்றை விட்டுவிட்டால் தானாக நிரப்பிக்கொள்ளாது. ஆகவே கட்டளை எழுதுபவர் மூன்று விஷயங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, வரிசை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைத்து, பிறகு சலிக்கிறார்கள். காயவைத்த பின் உருட்ட முடியுமா? முடியாது. அதுபோலக் கட்டளைக்கும் முன், பின் உண்டு.

இரண்டாவது, திரும்பச் செய்தல். ஒரு நிரையை எடுத்து முடிந்தால் அடுத்த நிரை. "மலை முடியும்வரை இதையே செய்" என்று ஒருதரம் சொன்னால் போதும். நூறு தடவை எழுத வேண்டியதில்லை.

மூன்றாவது, நிபந்தனை. "இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்." இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருந்தால் பறி, முற்றிய இலையானால் விடு. இது அம்மாவின் விரலுக்குத் தெரிந்த நிபந்தனை. முரசுமோட்டைப் பிள்ளைக்கு வேறொன்று தெரியும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் 36 அடியைத் தாண்டினால் வான்கதவைத் திறக்க வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கண்டாவளைப் பகுதி எப்படி மூழ்கியது என்று அங்குள்ள பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்திருப்பார்கள். தண்ணீரை அளப்பதும், நிபந்தனையைப் பார்ப்பதும், கதவைத் திறப்பதும் உரிய நேரத்தில் நடக்க வேண்டும் என்பதை அவர்களுக்குப் புத்தகம் வைத்துச் சொல்லத் தேவையில்லை.

வரிசை, திரும்பச் செய்தல், நிபந்தனை. உலகத்தில் எவ்வளவு பெரிய கம்பியூட்டர் வேலையும் இந்த மூன்றின்மேல்தான் நிற்கிறது. பாங்கியில் பணம் தரும் இயந்திரமும் அப்படித்தான், கையிலுள்ள போனும் அப்படித்தான்.

ஒரு கிலோ வித்தியாசம்

இனி நம் வீட்டுக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறும். கணக்குக்காக, ஒரு பேருக்கு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கட்டளையை ஒருவர் இப்படி எழுதுகிறார்:

கிலோ 18ஐ விடக் கூடினால், முழுப்பேர் போடு.
இல்லாவிட்டால், அரைப்பேர் போடு.

பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. 20 கிலோ எடுத்தவருக்கு முழுப்பேர். 15 கிலோ எடுத்தவருக்கு அரைப்பேர். ஆனால் தராசில் சரியாக 18 கிலோ நின்றவருக்கு? 18 என்பது 18ஐ விடக் கூடியது அல்ல. ஆகவே கம்பியூட்டர் அவருக்கு அரைப்பேர் போட்டுவிடும். அதற்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. எழுதியவர் விட்ட பிழை, எடுத்தவர் சம்பளத்தில் விழுகிறது.

சரியான கட்டளை இது:

கிலோ 18 அல்லது அதற்குக் கூட இருந்தால், முழுப்பேர் போடு.
இல்லாவிட்டால், அரைப்பேர் போடு.

இரண்டு மூன்று சொற்கள்தான் வித்தியாசம். தரம் 5 பிள்ளை இந்தப் பிழையைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்கப் பழகிய பிள்ளை நாளைக்குச் சம்பளச் சீட்டை வாசிக்கும்போதும், கடைக்காரர் கணக்கைப் பார்க்கும்போதும் "சரியா நின்னா என்ன செய்வீங்க?" என்று கேட்கும். இந்தப் பாடத்தின் பெரிய லாபம் அந்தக் கேள்விதான்.

கட்டளையில் உள்ள பிழையை இங்கிலீசுக்காரர் "பூச்சி" என்றே சொல்வார்கள். இயந்திரக் கோளாறுக்கு அந்தச் சொல் முன்பே வழக்கில் இருந்தது. 1947 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துக் கம்பியூட்டர் ஒன்று தடைப்பட்டபோது, உள்ளே உண்மையாகவே ஒரு விட்டில்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கதையும் சொல்லோடு சேர்ந்துகொண்டது. பிள்ளைகளுக்குப் பிடித்த கதை இது.

சின்னப் பிள்ளைகளுக்கு இது எப்படி வந்தது?

1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சொலமன், வாலி ஃபோர்சைக் ஆகியோர் பிள்ளைகளுக்கென்றே "லோகோ" என்ற கட்டளை மொழியை உண்டாக்கினார்கள். அதில் ஒரு "ஆமை" உண்டு. முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்று பிள்ளை சொல்ல, ஆமை போய்க் கோடு வரையும். பேப்பர்ட் சொன்ன கருத்து எளிமையானது. கம்பியூட்டர் பிள்ளைக்குப் பாடம் சொல்லக் கூடாது, பிள்ளைதான் கம்பியூட்டருக்குப் பாடம் சொல்ல வேண்டும். ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதானே நமக்கே நன்றாக விளங்குகிறது!

அவர் வழியில் வந்த மிச்செல் ரெஸ்னிக் என்பவரின் குழு 2007இல் "ஸ்கிராட்ச்" என்பதை வெளியிட்டது. அதில் கட்டளைகள் வர்ணக் கட்டைகளாக இருக்கும். விளையாட்டுக் கட்டைகளை அடுக்குவதுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டும். காசு கிடையாது. ஒருதரம் கம்பியூட்டரில் ஏற்றிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். 2014இல் இன்னும் சிறிய பிள்ளைகளுக்காக வந்த "ஸ்கிராட்ச் ஜூனியர்" கட்டைகளில் எழுத்தே இல்லை, படங்கள்தான். வாசிக்கப் பழகாத பிள்ளையும் செய்யலாம்.

தமிழிலேயே கட்டளை எழுத வழி உண்டா என்றால், உண்டு. முத்து அண்ணாமலை என்பவர் "எழில்" என்ற தமிழ்க் கட்டளை மொழியை உருவாக்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். அதில் "பதிப்பி" என்று எழுதினால் கம்பியூட்டர் திரையில் எழுதிக் காட்டும். இங்கிலீசு தெரியாவிட்டால் கம்பியூட்டர் வராது என்ற பயத்தை இது கொஞ்சம் போக்கும்.

2012இல் இங்கிலாந்தில் "கோட் கிளப்" தொடங்கியது. 9 முதல் 11 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலை விட்ட பின் தொண்டர்கள் வந்து வாரம் ஒருமுறை சொல்லிக்கொடுத்தார்கள். 2014 செப்டம்பரில் இங்கிலாந்தும், 2020இல் ஜப்பானும் ஆரம்பப் பாடசாலையிலேயே இதைக் கட்டாயமாக்கின. வசதியான நாட்டுப் பிள்ளை 7 வயதில் தொடங்குவதை நம் பிள்ளை 17 வயதில் தொடங்கினால் யார் முந்துவார் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டு மாணவர்களும் குறைந்தவர்கள் இல்லை. கூகிள் நிறுவனம் 2005இல் தொடங்கி உலக மாணவர்களுக்கு நடத்திய கோடைக்காலக் கோடிங் திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில், ஆகக் கூடுதலான மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் நம் மொரட்டுவைதான். திறமை நாட்டில் இருக்கிறது. அது தோட்டத்துப் பாடசாலை வாசலுக்கு வந்து சேர வேண்டும்.

செய்து பார்க்க: ஒன்று

லயத்து முற்றத்தில் சோக்கால் 5 கட்டம் நீளம், 5 கட்டம் அகலம் கீறுங்கள். ஒரு பிள்ளை "கம்பியூட்டர்". இன்னொரு பிள்ளை "கட்டளைக்காரர்". கம்பியூட்டர் கீழ் இடது மூலைக் கட்டத்தில் மேலே பார்த்து நிற்கட்டும். அங்கிருந்து மேலே 3 கட்டம், வலப்பக்கம் 2 கட்டம் தள்ளி ஒரு கொழுந்துக் கூடையை வையுங்கள்.

கட்டளைக்காரர் முழுவதையும் முதலில் தாளில் எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை கம்பியூட்டர் அசையக் கூடாது. சரியான விடை: முன்னே 3, வலம் திரும்பு, முன்னே 2. பல பிள்ளைகள் "வலம் திரும்பு" என்பதை விட்டுவிடுவார்கள். அப்போது கம்பியூட்டர் நேரே போய்க் கட்டத்துக்கு வெளியே நிற்கும். எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் கம்பியூட்டர் பிள்ளை தன் புத்தியால் திருத்திக்கொள்ளக் கூடாது. எந்த வரியில் பிழை என்று கட்டளைக்காரரே தேட வேண்டும்.

அடுத்து இதைக் கொடுங்கள்: "4 தடவை செய்: முன்னே 2, வலம் திரும்பு." பிள்ளை ஒரு சதுரம் நடந்து, புறப்பட்ட கட்டத்துக்கே வந்து, புறப்பட்ட திசையையே பார்த்து நிற்கும். ஏன் என்று கேளுங்கள். விடை சொல்லாதீர்கள், இன்னொருதரம் நடக்கவிடுங்கள்.

செய்து பார்க்க: இரண்டு

கம்பியூட்டர் இல்லாமல் கம்பியூட்டர் பாடம் சொல்லும் முறையை நியூசிலாந்தின் கன்டபரி பல்கலைக்கழகத்து டிம் பெல் என்பவரும் நண்பர்களும் 1990களிலேயே வளர்த்தார்கள். அதில் ஒரு விளையாட்டு இது.

அட்டையில் 5 துண்டுகள் வெட்டி, 16, 8, 4, 2, 1 என்று எழுதுங்கள். 5 பிள்ளைகள் இந்த வரிசையில் நிற்கட்டும். அட்டையைக் காட்டினால் 1, மறைத்தால் 0. இப்போது "13 காட்டு" என்று சொல்லுங்கள். 8, 4, 1 காட்டினால் கூட்டுத்தொகை 13. எழுதினால் 01101. இப்படி 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். ஒரே எண்ணை இரண்டு விதமாகக் காட்ட முடியாது.

கம்பியூட்டருக்குள் இருப்பது இதுதான். மின்சாரம் ஓடினால் 1, ஓடாவிட்டால் 0. நீங்கள் போனில் பார்க்கும் படமும், கேட்கும் பாட்டும், எழுதும் தமிழ் எழுத்தும் உள்ளே இந்த இரண்டு எண்களாகத்தான் கிடக்கின்றன. ஆறாவது அட்டை சேர்த்தால் அதில் என்ன எண் எழுத வேண்டும்? பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

"ஸ்கொலர்ஷிப் சோதனை இருக்கு. இதுல நேரத்த வீணாக்கலாமா?"

வாரம் ஒரு மணித்தியாலம் போதும். கேள்வியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பதும், பிழையைத் தேடுவதும் கணக்குப் பாடத்துக்கும் உதவும். ஆனால் எழுத்தும் வாசிப்பும் கணக்கும் முதலில். அவற்றை விட்டுவிட்டு இதைப் பிடிக்க வேண்டாம்.

"இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?"

தரம் 4இல் கோடிங் படித்ததற்காக யாரும் வேலை கொடுக்கப் போவதில்லை. அப்படிச் சொல்லிக் காசு கேட்டு வருபவரை நம்பாதீர்கள். பிள்ளை சாதாரண தரம் தாண்டி, உயர்தரம் தாண்டிப் போவதற்கு ஒரு ஆசை வேண்டும். அந்த ஆசையை இது உண்டாக்கலாம்.

"இப்ப கம்பியூட்டரே கோடிங் எழுதுதாமே?"

உண்மைதான். செயற்கை அறிவு இன்று கட்டளைகளைத் தானே எழுதித் தருகிறது. ஆனால் 18 கிலோ கணக்கை நினைத்துப் பாருங்கள். எழுதியது மனிதனோ இயந்திரமோ, அது சரிதானா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். பார்க்கத் தெரியாதவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"பொம்பளப் புள்ளைக்கு இது தேவையா?"

1947இல் பூச்சி சிக்கிய அந்தக் கம்பியூட்டரில் வேலை செய்தவர்களில் ஒருவர் கிரேஸ் ஹாப்பர் என்ற பெண்மணி. கட்டளை மொழிகளை வளர்த்தவர்களில் அவருக்குப் பெரிய இடம் உண்டு. லோகோவை உண்டாக்கிய சிந்தியா சொலமனும் பெண்தான். மலையில் ஒரு நாளில் ஆயிரம் தடவை இலை பார்த்து முடிவெடுக்கும் தாயின் மகளுக்கு இது முடியாது என்று யார் சொல்வது?

மாணவர்கள் வந்தால் என்ன கேட்க வேண்டும்?

முரசுமோட்டைக்குப் போனாலும் மஸ்கெலியாவுக்கு வந்தாலும், நல்லெண்ணத்தோடு வருபவர்களை நாம் வரவேற்க வேண்டும். தேத்தண்ணி கொடுப்போம். ஆனால் பிள்ளைக்கு நன்மை வேண்டுமானால் சில விஷயங்களைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

ஒன்று: எத்தனை தடவை வருவீர்கள்? ஒரு நாள் வந்து, தொப்பி கொடுத்து, படம் எடுத்துப் போனால் பிள்ளையிடம் தங்குவது தொப்பி மட்டுந்தான். குறைந்தது ஒரு தவணையாவது தொடர்ந்து நடக்க வேண்டும்.

இரண்டு: தமிழில் சொல்வீர்களா? பிள்ளைக்குத் தெரிந்த பேச்சில், தெரிந்த உதாரணத்தில் சொல்ல வேண்டும். வன்னியில் வான்கதவு என்றால் நம்மிடம் கொழுந்து மடுவம். பிள்ளையும் கொச்சையாகப் பேசலாம், அதைச் சிரிக்கக் கூடாது.

மூன்று: கம்பியூட்டர் குறைவாக இருந்தால் எப்படி? இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று போதும். ஒருவர் கையை வைக்க, மற்றவர் வழி சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். மாறாவிட்டால் கெட்டிக்காரப் பையனே பிடித்துக்கொள்வான், பின்வரிசைப் பெண்பிள்ளை தொடாமலே வீட்டுக்கு வரும்.

நான்கு: நீங்கள் போன பின் யார் சொல்லிக்கொடுப்பார்? பாடசாலை ஆசிரியரோ, உயர்தரம் படித்துவிட்டுத் தோட்டத்தில் இருக்கும் ஒரு தங்கச்சியோ தம்பியோ பக்கத்தில் இருந்து பழக வேண்டும். மாணவர்கள் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். பாடம் இங்கே தங்க வேண்டும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, போனில் சிக்னல் தேடி மலையேறிய பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. அன்று கருவி இல்லாமலும் தொடர்பு இல்லாமலும் பின்தங்கியது நம் பிள்ளைகள்தான். கருவியை நாளைக்கே வாங்கிக்கொடுக்க எல்லோராலும் முடியாது. யோசிக்கும் பழக்கத்தை இன்றைக்கே முற்றத்தில் தொடங்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. சோறு வடிப்பதற்கான கட்டளைகளை வரிசையாக எழுதுக. எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டி, விடுபட்டதைக் கேட்டு எழுதுக.

2. அட்டை விளையாட்டில் 19 என்பதை எப்படிக் காட்டுவீர்கள்?

3. "மழை பெய்தால் பாடசாலைக்குக் குடை கொண்டு போ" என்ற கட்டளையில், மழை பெய்யாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லப்படவில்லை. அதையும் சேர்த்து எழுதுக.

4. அம்மா இந்த வாரம் ஒவ்வொரு நாளும் எடுத்த கிலோவைக் கொப்பியில் குறித்து, நாள்தோறும் மொத்தத்தோடு கூட்டி வருக. மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க.

விடைகள்: இரண்டாம் வினாவுக்கு 16, 2, 1 ஆகிய அட்டைகளைக் காட்ட வேண்டும், எழுதினால் 10011. ஆறாவது அட்டையின் எண் 32. மற்றவற்றுக்கு ஒரே விடை என்று இல்லை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்து, பூச்சி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.